வலி வரட்டும் என்று வைத்த மாத்திரை

கம்பம் கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சேக் பரீத்தின் தங்கை ருக்சானா, பேச்சை அளந்து பேசுபவள். அது கர்வத்தினால் வந்த பழக்கம் அன்று, தொண்டையினால் வந்தது. ஆண்டில் ஐந்தாறு முறையேனும் அவளுடைய தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதை வீங்கிச் சீழ் கட்டும், காய்ச்சல் கொளுத்தும், எச்சிலை விழுங்குவதற்குக்கூடக் கழுத்தை நீட்டிக் கண்களை இறுக மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே அவள் கடைக்கு வரும்போதே வெந்நீர் நிரம்பிய பிளாஸ்க்கும் கல்லுப்புப் பொட்டலமும் உடன் வரும். நண்பகல் பாங்கொலி கேட்டதும் கடையின் பின்புறக் குழாயடியில் நின்று உப்புநீரால் தொண்டையைக் கொப்பளிப்பாள். மின்விசிறிக்கு நேராக அமரமாட்டாள். தொலைபேசியை எடுத்தால் நலம் விசாரிக்கமாட்டாள். "இன்னைக்கு ரேட்டு இது. காய் இருக்கா, இல்லையா?" என்பாள், விடை வந்ததும் வைத்துவிடுவாள். எந்தக் காரியத்தையும் அதனதன் நேரத்தில் செய்துவிட வேண்டும் என்பது அவளுடைய மற்றொரு பழக்கம். அதனாலேயே அவளுக்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போவதில்லை.

சேக் பரீத்தின் வியாபாரக் கொள்கை ஒன்றே ஒன்று: வைத்திரு. மலையிலிருந்து காய் இறங்கும் காலத்தில் வாங்கி, மூட்டையைத் தைத்து மாடியறையில் அடுக்கிவிட்டு, விலை உச்சிக்கு ஏறும்வரை அதன்மேல் கால் நீட்டிப் படுத்திருப்பார். "சரக்கை வச்சிருக்கிறவன் ராஜா, அவசரப்பட்டு அவுத்தவன் கூஜா" என்பது அவர் நாள்தோறும் ஓதும் பாடம். அவ்வாறு வைத்திருந்து பலமுறை வென்றும் இருக்கிறார். ஒரு வித்தையில் வென்றவன் அதையே எல்லா இடத்திலும் காட்டுவான் அல்லவா?

ருக்சானாவின் டான்சிலை எடுத்துவிடுவதே நல்லது என்று தேனியில் காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கும் டாக்டர் கிருபாவதி சொல்லி நெடுங்காலம் ஆகிவிட்டது. முதலில் குறித்த தேதி, அண்ணன் மகளின் நிக்காஹ்வோடு போயிற்று. அடுத்துக் குறித்த தேதியில் ஏலக்காய் விலை திடீரென ஏறிற்று, "நீ போய்ப் படுத்துக்கிட்டா போன் யாரு பேசுறது?" என்று அண்ணன் கேட்டார். மூன்றாவது தேதியைக் கேட்க அவள் தேனிக்குப் புறப்பட்டபோது, துணைக்கு வந்த அண்ணன், வந்ததுதான் வந்தோம் என்று தம் வாயையும் டாக்டரிடம் திறந்து காட்டினார். அவருக்கும் அதே குடும்பத் தொண்டைதான்.

"உங்களுதும் மோசமாத்தான் இருக்கு. ரெண்டு பேருக்குமே எடுக்கலாம்," என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கு முதல்ல முடிச்சிருங்க டாக்டரம்மா. சீசன் ஆரம்பிச்சிருச்சுன்னா நான் நகர முடியாது. இவ சும்மா வீட்டுல இருக்கிறவதானே, பின்னால பாத்துக்கலாம்."

அந்தச் 'சும்மா வீட்டில் இருக்கிறவள்' அன்று காலையில்தான் மலைமேல் இருக்கும் தோட்டக்காரர் அத்தனை பேரையும் தொலைபேசியில் அழைத்து அன்றைய விலையைச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறியிருந்தாள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய புதன்கிழமை அண்ணனுக்குப் போயிற்று. அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து வரும் புதன்கிழமை அவளுக்கு ஒதுக்கப்பட்டது. இந்த ஒரு தேதியையாவது எவரும் தொடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அன்றுமுதல் அவளுடைய துஆ.

அறுவைக்கு முன்பு டாக்டர் அண்ணனையும் தங்கையையும் அமர்த்தி வைத்து விவரமாகவே சொன்னார்.

"முழு மயக்கத்துல வச்சுத்தான் டான்சிலை எடுப்போம். எடுத்து முடிச்சதும், அந்த இடத்தைச் சுத்தி மரத்துப்போற மருந்தை ஊசியில போடுவேன். கண்ணு முழிக்கிறப்ப வலி கம்மியா இருக்கும். ஆனா அது கொஞ்ச மணி நேரத்துக்குத்தான் தாங்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னும் சொல்ல முடியாது. அது விடுறதுக்கு முந்தியே வலி மாத்திரை உள்ள போயிருக்கணும். பெரியவங்களுக்கு இந்த வலி குழந்தைகளை விட அதிகம். ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். வலிக்குதோ இல்லையோ, நேரத்துக்கு மாத்திரை. நேரத்துக்குத் தண்ணி. புரியுதா?"

"அந்த ஊசியவே தினம் ஒண்ணு போட்டுற முடியாதா?" என்று கேட்டார் சேக் பரீத்.

"உள்தொண்டையில தினம் ஊசி குத்த நீங்க சம்மதிச்சாலும் நான் சம்மதிக்கமாட்டேன்."

ருக்சானா எல்லாவற்றையும் மனத்தில் பதிய வைத்துக்கொண்டாள். அண்ணனோ, 'கண் விழிக்கும்போது வலி குறைவாக இருக்கும்' என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தார்.

அறுவை நன்றாகவே முடிந்தது. மயக்கம் தெளிந்து அறைக்கு வந்த சேக் பரீத், சிறிது நேரம் கூரையைப் பார்த்தார். எச்சிலை விழுங்கிப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தம் கைப்பேசியைக் கேட்டார். பேசாதிருக்கும்படி செவிலியர் ஜெபராணி சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் கம்பத்திற்கு அழைப்புப் போய்விட்டது.

"ஏலே, கத்தி வச்சாகளா, வைக்கலையான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. ஒரு எறும்பு கடிச்ச மாதிரி இல்ல. இதுக்குப் போயி ஊரே பயப்படுது."

வாயில் பஞ்சை அடைத்தாற்போன்ற அந்தக் குரலில், உத்தமபாளையத்துக்கு ஒன்று, போடிக்கு ஒன்று, குமுளியில் நறுமணப் பொருள் கடையில் வேலை பார்க்கும் ருக்சானாவின் கணவன் ரியாசுதீனுக்கு ஒன்று என்று அவர் வீரத்தைப் பறைசாற்றிக்கொண்டிருந்தார். ஜெபராணி மறுபடியும் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பாய், ஊசியால மரத்திருக்கிறதால வலி தெரியல. உள்ள புண்ணு இருக்கத்தான் செய்யுது. போனை வைங்க. பத்துக்கு எவ்வளவு வலிக்குதுன்னு சொல்லுங்க, எழுதணும்."

"ஒண்ணு போட்டுக்கங்க. நீங்க கேட்டீகளேன்னு சொல்றேன்."

ஜெபராணி அவர் உள்ளங்கையில் வலி மாத்திரையை வைத்து, தண்ணீர்க் குவளையையும் நீட்டினார். அப்போது வெளியே வேறொரு நோயாளி கூப்பிடவே அவர் திரும்ப நேர்ந்தது. தண்ணீர் குறைந்தது, மாத்திரை சட்டைப்பைக்குள் போயிற்று. இதை அப்போது எவரும் காணவில்லை.

மாலையில் அண்ணன் மனைவி சாதியா, கம்பத்திலிருந்து ஆட்டுக்கால் சூப்பைச் சுடச்சுடப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"மதினி, ஆற வச்சுக் குடுங்க. தொண்டை மரத்துக் கிடக்கு, சூடு தெரியாது. வெந்துபோகும்," என்றாள் ருக்சானா.

"சூடா குடிச்சாத்தான் அது சூப்பு. ஆறினா அது கழனித்தண்ணி. வேணும்னா நீ குடிக்காத."

மருந்துக் கடைக்குப் போய்விட்டு ருக்சானா திரும்புவதற்குள் பிளாஸ்க் காலியாகிவிட்டது. சேக் பரீத் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பேச்சுக்குக் காது கிடைக்காதபோது தொண்டைக்குள் ஒருவகைப் புகைச்சல் எழும். சீழ் கட்டிய நாள்களில் வருவதைவிட அது கடுமையானது என்று ருக்சானா அன்று அறிந்தாள்.

இரவு, ஊசி தன் வேலையை முடித்துக்கொண்டு போயிற்று. போனதும் என்ன நடந்தது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வெளியே காத்திருந்த வலி, கதவு திறந்ததும் கூட்டமாக உள்ளே நுழைந்தது. பத்துக்கு எவ்வளவு என்று கேட்ட செவிலியருக்கு அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அதுவும் போதாதென்று ஒரு காலையும் தூக்கிக் காட்டினார். நரம்பு வழியே மருந்து ஏற்றி அமர்த்தினார்கள். மறுநாள், மாத்திரைகளோடும் அறிவுரைகளோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீடு என்பது கடைக்கு மேல்மாடி. ஆனால் சேக் பரீத் மாடியில் படுத்திருக்கவில்லை. கடையில் தலை தெரியாவிட்டால் ஆள் போய்விட்டான் என்று ஊர் பேசும் என்பது அவர் அச்சம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாள்தோறும் தம் நாற்காலியில் வந்து அமர்ந்தார். பேசவில்லை, முறைத்தார். ருக்சானா மலைக்கும் சமவெளிக்கும் தொலைபேசியில் பேசிக்கொண்டே, நேரம் வந்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் அவர் எதிரில் வைப்பாள். 'வைத்துவிட்டுப் போ' என்று அவர் கையசைப்பார். அவளும் அடுத்த அழைப்பை எடுக்கப் போய்விடுவாள்.

ஒரு வேளை சற்றே சுகமாக இருப்பார். அடுத்த வேளை சுவரில் தலையை முட்டிக்கொள்வார். இந்த ஏற்றமும் இறக்கமும் எதனால் என்று அவளுக்கு விளங்கவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறதே என்றுதான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் நலம் விசாரிக்க வருவோரின் வரிசை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாகாது என்பது ஊர் வழக்கம். நோயாளி விழுங்கக்கூடியதைக் கொண்டுவர வேண்டும் என்ற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ஒருவர் முறுக்குக் கொண்டுவந்தார். ஒருவர் காமயகவுண்டன்பட்டித் தோட்டத்திலிருந்து பன்னீர்த் திராட்சையைக் கூடையோடு கொண்டுவந்து, "புளிப்புத்தான் புண்ணை ஆத்தும்" என்று ஒரு பழத்தை வற்புறுத்தி ஊட்டியும் விட்டார்; அண்ணன் கண்ணில் நீர் வழிந்ததைப் பாசத்தினால் என்று கருதி மகிழ்ந்தும் போனார். கடையில் காய் பொறுக்கும் ராக்கம்மாள், கைப்பேசி விளக்கை அடித்து முதலாளியின் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"ஆத்தா, உள்ள வெள்ளை வெள்ளையா படிஞ்சு கிடக்கு. சீழு புடிச்சிருச்சு."

"அது ஆறுற புண்ணு மேல படியிற ஏடு. அப்படித்தான் இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாக," என்றாள் ருக்சானா.

"சொல்லத்தான் செய்வாக. பாக்கிறவளுக்குல்ல தெரியும்."

அண்ணனுக்குக் காதிலும் குத்தல் தொடங்கியதும் வீட்டின் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. தொண்டையை அறுத்தால் காது ஏன் வலிக்க வேண்டும்? அந்த மரத்துப்போகும் ஊசிதான் தவறான நரம்பில் ஏறிவிட்டது. முதலில் வலியில்லாமல் இருந்து பிறகு இரட்டிப்பாக வந்ததற்கும் அதுவே காரணம். சாதியா இதனை வருவோர்க்கெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, கதையில் ஊசியின் நீளம் வளர்ந்தது.

"இவுக படுற பாட்டைக் கண்ணால பாத்துட்டுமா நீயும் போய்ப் படுக்கப் போற?" என்று அவள் ருக்சானாவைக் கேட்டாள். "வேண்டாம் தாயி. உன் உப்புத்தண்ணியே உனக்குப் போதும்."

சேக் பரீத் விலை எழுதும் பலகையைத் திருப்பி அதன் பின்புறத்தில், 'நீ போகவேண்டாம்' என்று பெரிதாக எழுதிக் காட்டினார். குமுளியிலிருந்து ரியாசுதீன், அங்கே ஒட்டிக்கொண்ட மலையாளம் கலந்து பேசினான். அவன் நல்லவன்; ஆனால் கடைசியாக யாரிடம் பேசினானோ அவர் கருத்தே அவன் கருத்து. "மச்சான் இப்படிக் கிடக்கும்போது எனக்கும் பயமா, பேடியாத்தான் இருக்கு. சாரமில்ல, போகட்டும் ருக்சானா, அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றான்.

அடுத்த ஆண்டு. அவள் தொண்டைக்கு இன்னும் ஐந்தாறு காய்ச்சல். ருக்சானா கைப்பேசியை வைத்துவிட்டுப் பின்புறக் குழாயடிக்குப் போய், வேண்டியதற்கும் மேலாகவே கொப்பளித்தாள். எரிச்சலைத் துப்புவதற்கு அதைவிட மரியாதையான இடம் அந்த வீட்டில் இல்லை. ஆயினும் ஒரு மூலையில் அச்சமும் எட்டிப் பார்த்தது. ஒருவேளை அவர்கள் சொல்வதே சரியோ? அந்த ஊசி உண்மையிலேயே வலியை இரட்டிப்பாக்குமோ?

செவ்வாய்க்கிழமை முற்பகலில், தேவாரத்தில் மசாலா மில் வைத்திருக்கும் செல்லப்பாண்டி காய் வாங்க வந்தார். பல ஆண்டுப் பழக்கம். நாற்காலியில் துண்டுக்குள் ஒடுங்கியிருந்த சேக் பரீத்தைப் பார்த்துத் துக்க வீட்டுக்கு வந்தவரைப் போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாய்க்கு நேரம் சரியில்லை. சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போறேன். அவர் பேருலயும் ஒரு எள்ளு விளக்கைப் போட்டுட்டு வாரேன். நீ காயைக் காட்டு ஆத்தா."

வாங்க வருவோர்க்குக் காட்டும் காய், மூடியிட்ட எவர்சில்வர் டப்பாவில் சேக் பரீத்தின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும். சாம்பிள் டப்பா என்பார்கள். அதைத் தம் கையால் அல்லாமல் வேறெவரும் திறப்பது அவருக்குப் பிடிக்காது. அன்று எழ முடியாமல் கண்ணை மூடியிருந்தமையால் ருக்சானாவே எடுத்தாள். மூடியைத் திறந்து, கைநிறைய அள்ளி, செல்லப்பாண்டியின் முன் விரித்திருந்த வெள்ளைத் தாளில் கொட்டினாள்.

பச்சைப் பசேலென்ற பருவெட்டுக் காய்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் உருண்டன.

செல்லப்பாண்டி கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இது எந்தத் தோட்டத்துக் காய்? வாசனையே இல்லையே."

ருக்சானா டப்பாவைக் கவிழ்த்தாள். இன்னும் விழுந்தன. காலையில் அவள் தன் கையால் வைத்த மாத்திரையும் அவற்றோடு கிடந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் கண்ணைத் திறந்திருந்தார். பிடிபட்டவனின் வெட்கம் அந்த முகத்தில் இல்லை. நல்ல விலைக்காகச் சேர்த்து வைத்த சரக்கைத் தங்கை அடிமாட்டு விலைக்கு அவிழ்த்துவிட்டாளே என்ற கோபம்தான் இருந்தது.

"முழுங்கலையா?"

அவர் பலகையை இழுத்து எழுதினார்: 'வலி கம்மியா இருக்கும்போது எதுக்கு வீணாக்கணும்? பெருசா வரும்போது சேத்துப் போடலாம்னு வச்சேன்.'

"பெருசா வந்தப்ப ஏன் போடல?"

அவர் சற்று யோசித்து எழுதினார்: 'அப்ப முழுங்க முடியல.'

செல்லப்பாண்டி அதைப் படித்தார். ஒருகணம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "எலே பரீத்து, நீ ஏலக்காயைத்தான் பதுக்குவன்னு நினைச்சேன். உன் வியாபாரப் புத்தி உன் தொண்டையிலயே கடை போட்டிருச்சேடா. குச்சனூருக்கு ஒரு விளக்குப் பத்தாது போல." சேக் பரீத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பு தொண்டையில் இடித்ததும் இரு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

ருக்சானா சிரிக்கவில்லை. அண்ணன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் குழிவிழுந்திருந்தது. மாத்திரைக்கென்று அவள் வைத்த தண்ணீர் நாற்காலியடியில் செம்பு நிறையத் தேங்கி நின்றது. வலிக்குப் பயந்து விழுங்குவதை நிறுத்தி, விழுங்காததனால் புண் காய்ந்து, காய்ந்ததனால் வலி கூடி, கூடிய வலிக்குப் பயந்து மேலும் விழுங்காமல் இருந்திருக்கிறார். அவள் அவர் துண்டை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் இளஞ்சிவப்பாக எச்சில் கறை.

"மதினி," என்று மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள். "கார் சொல்லுங்க. அண்ணனைத் தேனிக்குக் கூட்டிப் போகணும். உடனே."

தேனியில் டாக்டர் கிருபாவதி விளக்கைப் பொருத்தி உள்ளே பார்த்தார். பெரிய கசிவு ஏதும் இல்லை. புண் காய்ந்து ஓரம் வெடித்திருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. இன்று இங்கேயே இருக்கட்டும் என்றார். கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வலிக்கும் அந்த வழியிலேயே மருந்து போயிற்று. சிறிது நேரத்தில் சேக் பரீத்தின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. ஜெபராணி அவர் வாயில் தண்ணீரைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக ஊற்றி, ஒவ்வொன்றும் இறங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்து நின்றார்.

"எனக்கு இனிமே உங்க மேல நம்பிக்கை இல்ல பாய். வாயைத் திறந்து காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க. ம், சரி."

சாதியா இதற்காகவே காத்திருந்தவளைப் போல் டாக்டரை எதிர்கொண்டாள். "டாக்டரம்மா, அந்த ஊசியைப் போட்டதாலதானே இவுகளுக்கு இப்படி ஆச்சு? காதெல்லாம் குத்துது."

"காதுக்கும் தொண்டைக்கும் பொதுவா ஒரு நரம்பு ஓடுதும்மா. டான்சில் எடுத்தவங்களுக்குக் காது வலிக்கிறது சகஜம். ஊசி போடாதவங்களுக்கும் வலிக்கும்."

ருக்சானா ஒரு கேள்வி கேட்டாள். அவள் மனத்தில் பல நாளாகக் கிடந்த கேள்வி அதுதான்.

"அந்த ஊசி விட்டதுக்கப்புறம், போடாதவங்களை விட வலி கூடவா இருக்கும்?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளை நேராகப் பார்த்தார். "கூட்டிவிடும்னு நான் பார்த்ததில்லை. முதல் சில மணி நேரத்தை லேசாக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. எவ்வளவு லேசாக்கும்கிறது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பெரிசா எதுவும் தெரியாமலும் போகலாம். படிச்சுப் பார்த்தா ஆராய்ச்சிகளும் ஒரே குரல்ல சொல்லலை. அதனால அதை நம்பி மத்ததை விட்டுரக் கூடாது. வலியில்லாத அந்த நேரத்துலதான் மாத்திரை சுலபமா இறங்கும். அந்த நேரத்தை உங்க அண்ணன் போன் பேசியும் சூப் குடிச்சும் தீர்த்துட்டார்."

"சரியா செஞ்சா வலிக்காதா?"

"வலிக்கும். பொய் சொல்லமாட்டேன். முதல் வாரம் நல்லாவே வலிக்கும். ஆனா தண்ணி குடிக்கலாம், கஞ்சி குடிக்கலாம், தூங்கலாம். இப்படிக் கிடக்க வேண்டியதில்லை." சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "அடுத்த வாரம் புதன் உங்களுக்குத்தானே? வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னா அந்த இடத்தை வேறொருத்தருக்குக் கொடுக்கணும்."

டாக்டர் போனதும் வீட்டில் பேசும் வேலை அந்த அறையிலேயே தொடங்கிற்று. சாதியா ரியாசுதீனைக் கைப்பேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டிலின்மேல் வைத்தாள்.

"கேட்டீகளா தம்பி? டாக்டரம்மாவே வாயால சொல்லிட்டாக, வலிக்கும்னு."

"அப்படியா சொன்னாக? அப்ப வேண்டாமே," என்றது கைப்பேசி. "சீசன் முடியட்டும்."

சேக் பரீத், குளுக்கோஸ் ஏறாத கையைத் தூக்கி அசைத்தார். மருந்து வேலை செய்தமையால் ஊசி விட்ட இரவுக்குப்பின் முதன்முறையாக அவருக்குக் குரலும் கொஞ்சம் வந்தது. கரகரத்த அந்தக் குரலின் முதற் செலவையும் அவர் தங்கையின் தேதியைத் தள்ளிப்போடவே செய்தார்.

"அவசரப்படாத ருக்சானா. கொஞ்சம் வச்சிரு. வலி தானா உச்சிக்கு வரட்டும். அப்பப் பாத்துக்கலாம்."

தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைக்கவில்லை. தலையணைக்கு அருகில், டாக்டரிடம் காட்டுவதற்காக ருக்சானா கடையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த சாம்பிள் டப்பா மூடி திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து ஏலக்காய் மணம் வீசிற்று. கதவருகில் நின்ற ஜெபராணி அண்ணனையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

நிக்காஹ்வுக்குப் போன தேதியும், விலை ஏறிய வாரத்தில் போன தேதியும், கண்ணெதிரே அண்ணன் எடுத்துக்கொண்ட தேதியும் ருக்சானாவின் நினைவில் வந்தன. ஒவ்வொரு முறையும் அவள் கோபப்பட்டிருக்கிறாள்; ஒவ்வொரு முறையும் தொண்டையைப் பேண வேண்டி அந்தக் கோபத்தைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறாள். விழுங்குவதில் அவளுக்குப் பயிற்சி மிகுதி. மாத்திரையை விழுங்குவதா அவளுக்குக் கடினம்?

பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மிடறு வெந்நீர் குடித்தாள். அண்ணன், மதினி, கைப்பேசிக்குள் கணவன் என்ற மூவரில் ஒருவரும், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கக் காத்திருக்கவில்லை. சாதியா அதற்குள் திராட்சைக் கூடையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள். ருக்சானா எழுந்து, கதவருகில் நின்ற ஜெபராணியிடம் தன் பெயரை அடுத்த வாரப் புதன்கிழமைக்கு உறுதி செய்து எழுதிக்கொள்ளும்படி சொன்னாள். பிறகு திரும்பிவந்து அண்ணனின் கட்டிலருகே நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, புதன்கிழமை நான் ஆப்பரேசன் பண்ணிக்கிறேன். அன்னையில இருந்து போனை நீங்க பேசுங்க."